நட்டுகளின் மேல் மஞ்சள் கோடு

தாஸ் திரும்பி வந்தது பச்சை மிளகாய்க்காக.

சோற்றுப் பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனவன், சர்வீஸ் ரோடுவரை போய்விட்டு மறுபடியும் படியேறினான். எங்கள் வீடு பெங்களூர் தாசரஹள்ளியில் இரண்டாவது மாடி. மேலே வராமல் இரண்டு படி கீழேயே நின்றுகொண்டு குரல் கொடுத்தான்.

"தனம், தயிர் சோத்துக்கு மொளகா வெச்சியா?"

தனலக்ஷ்மி கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். "ஏங்க, முதல் ஓட்டத்துக்குக் கெளம்பிட்டு யாராவது திரும்பி வருவாங்களா? வாசலை மிதிச்சீங்க, அவ்ளோதான்."

"மிதிக்கல. படியிலதான கீறேன். அக்கா, நீ பாத்துக்கோ, நான் இன்னும் வரல."

"வராத ஆளுக்கு மொளகா எதுக்கு?"

"அது வாய்க்கு. வாய் மட்டும் வந்துகீது."

நான் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தனம் நான்கைந்து மிளகாயையும் இரண்டு சின்ன வெங்காயத்தையும் பழைய பேப்பரில் சுருட்டி அங்கிருந்தே எறிந்தாள். அவன் ஒற்றைக் கையால் பிடித்து, தனக்குத் தானே "அவுட்டு!" என்று கத்திக்கொண்டு இறங்கிப் போனான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்போதெல்லாம் கனரக வண்டிகளை ஃப்ளைஓவர் மேலே விடுவதில்லை. எல்லாம் கீழேதான் நெருக்கிக்கொண்டு போகவேண்டும். பீன்யா தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் ஏற்றிக்கொண்டு வந்த ட்ரெய்லரை அவன் ஓரமாக நிறுத்தியிருந்தான். பின்னால் ஒரு ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். "ஹோக்தீனி இரப்பா, அர்ஜன்ட்டா?" என்று, போகிறேன் பொறு என்ற அர்த்தத்தில், தாஸ் கன்னடத்தில் கத்தியது மேலே வரைக்கும் கேட்டது. மெட்ரோ ரயில் ஒன்று குறுக்கே போய் அவனை மறைத்தது. நான் கீரைக்குத் திரும்பினேன்.

தாஸ் என் ஒரே தம்பி. முழுப் பெயர் கௌதம தாஸ். எனக்கு யசோதரா. எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் பௌத்தர்கள். பௌர்ணமிக்கு வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போவோம். வீட்டில் குங்குமம், பூசை எதுவும் இல்லை. நான் இன்றுவரை பொட்டு வைத்ததில்லை. சுரங்கத்தை மூடியபோது தாஸுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் பிள்ளைகளெல்லாம் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்பி வந்த காலம் அது. அவன் லாரியில் கிளீனராகச் சேர்ந்தான். பிறகு டிரைவர். நான் தங்கவயலில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். பிள்ளைகள் குறைந்து குறைந்து பள்ளி மூடப்பட்டதும் அவனே வந்து என்னை அழைத்துக்கொண்டு போனான். "உன் புஸ்தகத்த மட்டும் எடுத்துக்கோக்கா, பாத்திரம் வேணாம். தனம் கிட்ட நெறைய கீது" என்றான்.

தனம் குடியாத்தத்துக்காரி. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைப்பவள். கல்யாணம் ஆகி வந்த புதிதில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அதைப் பற்றி முணுமுணுத்தபோது அப்பா, "அவ நெத்தி அவளுது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது. தாஸும் அப்படித்தான். அவளுடைய சாமிக்கு அவன் கும்பிடு போட்டதில்லை. ஆனால் அவள் விளக்கேற்றும்போது மின்விசிறியை அவனே போய் நிறுத்துவான்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்த ட்ரெய்லர் தயாராகிக்கொண்டிருந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. இழுத்துச் செல்லும் முன்வண்டியைத் தாஸ் முன்பே பழையதாக வாங்கியிருந்தான். பின்னால் கோக்கும் ட்ரெய்லர்தான் வாடகைக்கு. சொந்தமாக ஒன்று செய்யச் சொல்லி பீன்யாவில் ஒரு ஷெட்டில் சொல்லியிருந்தான். வின்சென்ட் வேலை பார்த்த ஷெட் அது.

வின்சென்ட் எங்கள் லைன் வீட்டுக்கு எதிர் வரிசை. தாஸும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், படித்தார்கள் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஷெட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு புது ட்ரெய்லரையும் கடைசியாகச் சோதித்து விடுவது அவன் வேலை. அதனால் தனம் அவனைக் கண்டாலே, "வந்துட்டாரு இன்ஸ்பெக்டரு. எதுனா ஓட்ட இருந்தா சொல்லுங்கண்ணா, சோத்துப் பானையில ஒண்ணு கீது" என்பாள்.

சாயங்காலங்களில் தாஸ் எங்களையும் அங்கே அழைத்துப் போவான். ஆணும் பெண்ணுமாகப் பார்க்கப் போக அது என்ன பூங்காவா என்று நான் கேட்டதுண்டு. ஆனாலும் போவோம். வெல்டிங் பொறி பறக்க, நீண்ட இரும்புச் சட்டம் ஒன்று மரக்கட்டைகளின் மேல் தலைகீழாகக் கிடக்கும். தனம் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு விரல் இடுக்கில் பார்ப்பாள். நிறத்தை அவள்தான் முடிவு செய்தாள். கருநீலம். சக்கரத்தின் நடுவிலிருக்கும் இரும்புத் தட்டுக்கு, டிஸ்க் என்பார்கள், வெள்ளி நிறம். பெயின்டர் இரண்டு கை அடித்தால் போதும் என்றான். தாஸ் மூன்றாவதும் அடிக்கச் சொன்னான். எல்லா லாரி முதலாளியும் அப்படித்தான் சொல்வார்கள் என்றும், புது வண்டி பளபளக்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது என்றும் வின்சென்ட் சொல்லிச் சிரித்தான்.

ட்ரெய்லர் ஷெட்டைவிட்டு வெளியே வந்த அன்று ஒரு கோளாறு தெரிந்தது. எட்டாவது மைல் பக்கம் லாரிகள் நிறுத்தும் ஒரு காலி மனையில் தாஸுக்கும் இடம் இருந்தது. பீன்யாவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் அவன் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வின்சென்ட்டுக்குப் போன் போட்டான்.

"மச்சான், இன்னாடா வண்டி குடுத்துகிற? முன்னாடி நேரா போவுது, பின்னாடி நண்டு மாதிரி ஒருக்களிச்சி வருது. கண்ணாடில பாத்தா ஒரு பக்கம் மட்டும் துருத்திகினு தெரியுது."

"லோடு ஏத்தாதடா. ஞாயித்துக்கெழம வரேன். நானே வரேன்."

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. நிற்கவும் நிற்காத, பெய்யவும் பெய்யாத பெங்களூர் ஆனி மாதத் தூறல். மனை முழுக்கச் செம்மண் சேறு. வின்சென்ட் மாதாகோயில் சட்டையோடு அப்படியே வந்திருந்தான். பையில் நீண்ட டேப்பு, நூல், தூக்குக் குண்டு. ட்ரெய்லரின் முன்பக்கம் அடியில் ஒரு தடித்த இரும்பு முளை உண்டு. அதைத்தான் முன்வண்டியில் கோப்பார்கள். அந்த முளையிலிருந்து அச்சின் வலது முனைக்கு எவ்வளவு தூரமோ, இடது முனைக்கும் அவ்வளவே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வண்டி கோணிக்கொண்டு ஓடும்.

"யசோக்கா, டீச்சரம்மா, கொஞ்சம் இந்த முனைய புடிங்க. ஆடாம புடிக்கணும்."

"நான் ஆடினா அடிப்பியா?"

"உங்க கிட்ட வாங்கினது போதாதா? மூணாங் கிளாஸ்ல ட்யூஷன் எடுத்தீங்களே, இங்க பாருங்க முட்டிய, இன்னும் வீங்கிகினு கீது."

நான் அடியில் குனிந்து டேப்பின் முனையை முளையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். புது பெயின்ட் வாசனையும் கிரீஸ் வாசனையும் மழை வாசனையும் கலந்து வந்தன. அந்தப் பக்கத்திலிருந்து தாஸ் இழுத்தான். வலம் ஒரு அளவு, இடம் வேறு அளவு. விரலகலம்கூட இல்லை. அதற்கே இவ்வளவு பாடா என்று தனம் கேட்டாள்.

"தங்கச்சி, வாசப்படியில விரலகலம் கோணல் இருந்தா வீடு ஓடாது. இது ஓடுமே" என்றான் வின்சென்ட்.

அவனும் தாஸும் சேற்றில் சாக்கை விரித்துப் படுத்து, அச்சைப் பிடித்திருக்கும் தண்டை இளக்கி, திருகி, மறுபடி அளந்தார்கள். மறுபடி கோணல். மறுபடி திருகினார்கள். நடுவில் இருவருக்கும் சண்டை வந்தது. வாங்குபவனே அடியில் படுக்கவேண்டிய வண்டியை எந்த ஊரில் விற்கிறார்கள் என்று தாஸ் கேட்டான். மச்சான் என்பதால்தான் மாதாகோயில் சட்டையோடு சேற்றில் கிடக்கிறேன், மற்றவனாக இருந்தால் திங்கட்கிழமை டோக்கன் போட்டு வரச் சொல்லியிருப்பேன் என்று வின்சென்ட் சொன்னான். கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தபோது தூறல் நின்று வெயில் அடித்தது. தாஸ் டேப்பைத் தலைப்பாகைபோலச் சுற்றிக்கொண்டு சேற்றில் ஒரு ஆட்டம் போட்டான். மனைக் காவல்கார கன்னடக் கிழவர், "ஏனப்பா, மகன் பொறந்தானா?" என்று பாதித் தமிழில் கேட்டார்.

"ஹௌது தாத்தா. நேரா நடக்குற மகன்!"

தனம் கொண்டுவந்திருந்த களியையும் கறிக் குழம்பையும் ட்ரெய்லரின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த அகலமான இரும்புத் தளத்தில் நாங்கள் நான்கு பேர் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது இப்போதும் எனக்குக் கண்ணை மூடினால் தெரிகிறது. வின்சென்ட் களியை உருட்டியபடி, எங்கள் லைன் வீடுகளில் பொதுக் குழாயடியில் யார் யார் எந்த வாளிக்காகச் சண்டை போட்டார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனான். தாஸ் சிரித்துப் புரையேறினான். தனம் அவன் தலையில் தட்டினாள்.

தனம் பாத்திரம் கழுவ மூலைக் குழாய்க்குப் போனபோதுதான் வின்சென்ட் மஞ்சள் பெயின்ட்டும் மெல்லிய பிரஷ்ஷும் எடுத்தான். ஒவ்வொரு சக்கரமாக உட்கார்ந்து, ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டையும் இழுத்துப் பார்த்து, நட்டின் மேலிருந்து டிஸ்க்வரை நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டே போனான்.

"தாஸு, கேட்டுக்கோ. டிஸ்க்குக்கு உள்பக்கமும் பெயின்ட் ஏறிகீது. நீ வேற மூணு கோட்டு அடிக்க வெச்ச. லோடு ஏத்தி ஓடினா அந்தப் பெயின்ட் நசுங்கும், நட்டு இளகும். எல்லாப் புது வண்டியும் அப்டித்தான். முதல்ல நிறுத்தற எடத்துல எறங்கி இந்தக் கோட்டப் பாரு. நட்டு மேல இருக்கறதும் டிஸ்க் மேல இருக்கறதும் ஒரே கோடா இருந்தா சரி. வெலகியிருந்தா இறுக்கு. அவ்ளோதான்."

"தெரியும்டா. எத்தன வருஷமா வண்டி ஓட்டறேன்."

"அது வாடக வண்டி. எவனோ பாத்து வெச்சிருப்பான். இது உன்னுது."

மறுநாள் காலை பூசை. தாஸுக்கு அது வேண்டியிருக்கவில்லை, ஆனால் தடுக்கவுமில்லை. தனம் சாமந்தி மாலை, எலுமிச்சை, பூசணிக்காய், கற்பூரம் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். முன்வண்டிக்கு மாலை போட்டாள். பிறகு சக்கரங்களிடம் வந்து நின்றவள் முகம் மலர்ந்தது.

"அண்ணி, இங்க பாருங்களேன். ஷெட்டுக்காரங்களே ஒவ்வொரு நட்டுக்கும் மஞ்சள் வெச்சி அனுப்பியிருக்காங்க. குங்குமந்தான் பாக்கி."

கிண்ணத்தில் குங்குமத்தைத் தண்ணீர்விட்டுக் குழைத்து, ஒவ்வொரு சக்கரமாகக் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டின் மேலும் மோதிர விரலால் பட்டையாக வைத்தாள். டிஸ்க்கின் மேலிருந்த கோட்டுக்கும் ஒரு தீற்று. அவ்வளவு சக்கரத்துக்கும் அவ்வளவு நட்டுக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். வெள்ளி நிறத்தின் மேல் அந்தச் சிவப்பு வட்டங்கள் அழகாகத்தான் இருந்தன. தாஸ் அப்போது முன்வண்டிக்குள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எலுமிச்சை நசுங்க, பூசணிக்காய் உடைய, வண்டி மனையைவிட்டு வெளியே வந்து லோடு ஏற்றப் பீன்யாவுக்குப் போனது. அங்கிருந்து திரும்பி வரும் வழியில்தான் சோற்றுப் பெட்டிக்கு நின்றான். மிளகாய்க்கும்.

ஹூப்ளி போய்ச் சேரவேண்டிய லோடு. சிராவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ட்ரெய்லரின் இடது பின்சக்கரங்கள் கழன்று போயின. அச்சு தரையில் விழுந்து ரோட்டை உழுதுகொண்டு போக, ட்ரெய்லர் ஒரு பக்கம் இழுத்ததில் முன்வண்டி பாலச் சுவரில் மோதியது. வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தாஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. கழன்ற சக்கரங்களில் ஒன்று ஒரு ராகிக் கொல்லைக்குள் வெகுதூரம் ஓடிக் கிடந்தது என்றார்கள்.

சாம்பியன் ரீஃபுக்கு எடுத்துப்போய் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து சாம்பல் நிறப் புழுதி காற்றில் வந்து எல்லார் தலையிலும் படிந்தது. எங்கள் பக்கத்தில் பொட்டழிக்கும் சடங்கெல்லாம் இல்லை. தனத்தின் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் அதற்காக எழுந்தபோது நான் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மண் தள்ளி முடிந்தபிறகு வின்சென்ட் என்னைத் தனியே ஒரு யூகலிப்டஸ் மரத்தடிக்கு அழைத்துப் போனான்.

"யசோக்கா, அவன் எனக்குப் போன் பண்ணான். தாபஸ்பேட்ட தாண்டி டீக்கடையில நிறுத்திட்டு."

"இன்னா சொன்னான்?"

"மச்சான், கோடே தெரியலடா, தனம் எல்லா நட்டுக்கும் கல்யாணப் பொண்ணு மாதிரி குங்குமம் அப்பி வெச்சிருக்கான்னான். தொடச்சிட்டுப் பாருடான்னேன். முதல் ஓட்டம்டா, இடுப்பொடிய குந்தி வெச்சிருக்கா, குங்குமத்தத் தொடச்சேன்னு தெரிஞ்சா மனசு உட்டுப்புடும், எனக்கும் கை வரலன்னான். ஸ்பேனராவது போட்டு இழுடான்னேன். அதுலயும் அழியுமேன்னு சொன்னான். வெயில்ல காஞ்சி தானா உதுந்துடும், சிரா தாண்டி ஹிரியூர்ல சாப்புட நிறுத்துவேன், அப்போ பாத்துக்கறேன்னான். நானும் சரின்னுட்டேன்க்கா. வெச்சிட்டேன் போன."

மரப்பட்டையை உரித்துக்கொண்டே அவன் சொன்னான். "இது தங்கச்சிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ உயிரோட இருக்க மாட்டா."

"கேப்பாளேடா."

"நான் பாத்துக்கறேன்."

அவன் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். மூன்றாம் நாள் சிரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியைப் பார்த்து வரவேண்டியிருந்தது. தனமும் வருவேன் என்று நின்றாள். மூன்று பேரும் போனோம். ஸ்டேஷன் பக்கத்து வெளியில் ட்ரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. தனம் அதைச் சுற்றி வந்தாள். எங்களைக் கிட்டே வரவேண்டாம் என்று கையைக் காட்டினாள். பிறகு வந்து வின்சென்ட்டுக்கு எதிரே நின்றாள்.

"நல்லாப் பாத்துதான அனுப்புனீங்க? எப்டிண்ணா கழலும்?"

"என் தப்புதாம்மா. புது வண்டி, முதல் நிறுத்தத்துல நட்ட இறுக்கணும்னு அவன் கிட்ட சொல்லணும். சொல்ல மறந்துட்டேன்."

தனம் அவனை அடித்தாள். கன்னத்திலும் மார்பிலும் இரண்டு கையாலும். மாதாகோயிலுக்குப் போகிற வாயா அது, இன்ஸ்பெக்டர் வேலையா அது, கூடப் பிறக்காத பிறப்பு என்று சொல்லிச் சொல்லிக் கொன்றாயே என்று கத்தினாள். போலீஸ்காரர்கள் வந்து பிடித்தார்கள். அவன் அசையாமல் நின்றான். அதையே ஷெட்டிலும் இன்ஷூரன்ஸ் ஆளிடமும் சொன்னான். ஷெட்டில் அவனைச் சோதனை வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்துகொண்டேயிருந்தான். காஸ் சிலிண்டர் மாற்றுவான், மின்கட்டணம் கட்டுவான், ரிப்பேருக்குப் போன ட்ரெய்லரைப் பற்றிச் சொல்லுவான். தனம் சில நாள் கதவைத் திறக்கமாட்டாள். சில நாள் திறந்து நிற்கவைத்துத் திட்டுவாள். "எம் புருஷன் சோத்துல மண்ணப் போட்டுட்டு இங்க இன்னாத்துக்கு வரீங்க? அளக்கவா? வாங்க, அளங்க, ஊடு எவ்ளோ காலியா கீதுன்னு அளங்க." அவன் கேட்டுக்கொண்டு நின்று, திட்டி முடிந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு போவான். எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் படியிறங்கிப் போய், "எத்தன நாளைக்குடா இப்டி? நான் சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம்க்கா. அவ என்னத் திட்டறவரைக்கும் அவளத் திட்டிக்க மாட்டா."

அதன்பிறகு நான் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பயந்தேன். யாராவது ஒரு டிரைவர், யாராவது ஒரு மெக்கானிக் அந்த மஞ்சள் கோடு எதற்கென்று வாய்தவறிச் சொல்லிவிடுவான். அவள் சமையலறையில் தனியாக இருக்கும்போது நான் ஏதாவது சாக்கு வைத்து உள்ளே போய் நின்றுகொள்வேன். "இன்னா அண்ணி, உப்பு இருக்குதான்னு பாக்க வரீங்களா, நான் இருக்கேனான்னு பாக்க வரீங்களா?" என்று ஒரு முறை கேட்டாள். உப்பு என்றேன்.

ட்ரெய்லரும் முன்வண்டியும் ரிப்பேராகி வந்தது தை மாதத்தில். விற்றுவிடலாம் என்றார்கள். தனம் மாட்டேன் என்றுவிட்டாள். பரத் என்று ஓசூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவனை வின்சென்ட் கொண்டுவந்து நிறுத்தினான். அமைதியானவன். அதே மனை, அதே காவல்காரக் கிழவர். புது அச்சு, புது டிஸ்க். தனம் திட்டுவாளோ என்று வின்சென்ட் தள்ளி நின்றுகொண்டு பரத்துக்குச் சைகையால் சொல்ல, பரத் ஒவ்வொரு நட்டையும் இழுத்துப் பார்த்து மஞ்சள் கோடு போட்டான். நானும் தனமும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது பரத் ஒரு தட்டை எடுத்து வந்தான். தேங்காய், பழம், பூ, குழைத்த குங்குமம். "அம்மா, ரிப்பேரான வண்டி. ஒரு பூசை போட்டு எடுத்தா நல்லாருக்கும். நீங்களே உங்க கையால வெச்சிடுங்க."

நான் வின்சென்ட்டைப் பார்த்தேன். அவன், "பரத்து, அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ, டைமாவுது" என்று ஓடி வந்தான்.

தனம் தட்டை வாங்கிக்கொண்டாள். முன்வண்டியின் பம்பரில் ஒரு பொட்டு வைத்தாள். விளக்குகளில் வைத்தாள். பக்கவாட்டுச் சட்டத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தாள். முதல் சக்கரத்துக்கு வந்ததும் குந்தி உட்கார்ந்தாள். டயரின் கறுப்பு ரப்பரில் மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டு எழுந்தாள். அடுத்த சக்கரத்திலும் அப்படியே.

"நட்டுக்கும் வெச்சிடுங்கம்மா" என்றான் பரத்.

"நட்டு மேல வேணாம்பா. கோடு தெரியணும்."

வின்சென்ட் அப்படியே ட்ரெய்லரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாச் சக்கரமும் முடித்துவிட்டு, தட்டைப் பரத்திடம் கொடுத்து முன்னால் அனுப்பிவிட்டு, தனம் எங்களிடம் வந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றேன்.

"சிராவுலயே தெரியும் அண்ணி. கழலாத பக்கச் சக்கரமெல்லாம் அப்படியே இருந்திச்சி. நான் வெச்ச குங்குமம் ஒரு நட்டுலகூடக் கலையல. ஓரத்துல மஞ்சளு பெயின்ட்டுனு தெரிஞ்சிது, சொரண்டிப் பாத்தேன். கோடு போட்டவங்க எதுக்குப் போடுவாங்க? பாக்கத்தான? அது புரியாதா எனக்கு?"

"அப்புறம் எதுக்குத் தங்கச்சி..." என்று ஆரம்பித்தான் வின்சென்ட்.

"நீங்க மறந்துட்டேன்னு சொன்னீங்க இல்ல. நீங்களாவது, மறக்கறதாவது? குக்கர் மூடிய மூணு தடவ இழுத்துப் பாக்கற ஆளு. பொய் சொல்றீங்கன்னு அப்பவே தெரியும். நீங்க பாட்டுக்கு மரம் மாதிரி நின்னீங்க. எனக்கும் யாரையாவது திட்டணும் போல இருந்திச்சி. திட்டினேன். வாரா வாரம் வந்து நின்னீங்க, நானும் திட்டினேன். இல்லன்னா நான் எங்க போயி இதக் கொட்டுவேண்ணா?"

அவன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். தனம் ட்ரெய்லர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவரு தொடச்சிருக்கலாம் அண்ணி. நான் இன்னா சொல்லப் போறேன்? வந்து, தனம், தொடச்சிட்டேன்டின்னு சொல்லியிருந்தா, போய்யா, மறுபடி வெச்சிட்டாப் போவுதுன்னு சொல்லியிருப்பேன். அவ்ளோதான. இத்தன வருஷம் கூட இருந்துட்டு, அது தெரியலியே அந்த ஆளுக்கு."

அப்போதுதான் அழுதாள். சிராவில் கத்தியது அழுகையில்லை. சாம்பியன் ரீஃபில் மயங்கி விழுந்ததும் அழுகையில்லை. இப்போது ட்ரெய்லரின் நீலச் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, சத்தம் அதிகம் இல்லாமல், வெகுநேரம் அழுதாள். நானும் வின்சென்ட்டும் இரண்டு பக்கமும் நின்றோம். காவல்காரக் கிழவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுப் போனார். பரத் முன்வண்டிக்குள் உட்கார்ந்து எங்களைக் கண்ணாடியில் பார்க்காமலிருக்க ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவளே போய் பரத்திடம் சொன்னாள். "முதல் நிறுத்தத்துல எறங்கிப் பாக்கணும். எல்லாத்தையும். எது மேல எது ஒட்டியிருந்தாலும் தொடச்சிட்டுப் பாக்கணும். பாத்துட்டு எனக்கு போன் பண்ணணும்."

"சரிங்கம்மா. எந்த நம்பருக்கு?"

"வண்டியிலயே எழுதியிருக்கு பாரு."

வண்டி கிளம்பிப் போனது. அந்த முதல் ஓட்டத்தில் இடது பக்கம் நடுச் சக்கரத்தில் ஒரு கோடு லேசாக விலகியிருந்ததாம். இறுக்கிவிட்டேன் என்று பரத் சொன்னான். தனம் போனை வைத்துவிட்டு வெகுநேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதற்குப் பிறகு ட்ரெய்லருக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் நம்பரை மாற்றவா என்று பெயின்டர் கேட்பான். பக்கவாட்டில் எழுதியிருக்கும் போன் நம்பர் இன்னும் என் தம்பியுடையதுதான்.